பெட்டிக்குள் கிடந்த பழைய நோட்டுக்கு என்ன விலை கிடைக்கும்?

கேள்வி இதுதான்: பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது தாத்தாவின் இரும்புப் பெட்டியில் நோட்டுகள் கிடைத்திருக்கின்றன. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுகள், ஒரு ரூபாய்க் கட்டு ஒன்று, வாழைமரம் போட்ட மலாயா நோட்டுகள், தாத்தாவின் அண்ணன் பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் சிவப்பான பத்து ரூபாய் நோட்டு ஒன்று, 2016-இல் மாற்றாமல் விட்ட சில ஐந்நூறுகள். டிராக்டர் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வீடியோவில் சொல்கிறார்களே, உண்மையா?

டிராக்டர் நோட்டுக்கு லட்சம் கிடையாது. ஆனால் அந்தச் சிவப்புப் பத்தை இப்போதே தனியாக எடுத்து, மடிக்காமல், வெயில் படாமல் வையுங்கள். பெட்டியிலேயே விலையுள்ள பொருள் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். காரணம் பிறகு.

முதலில் டிராக்டர். இது இரண்டு தலைமுறையாக வந்த நோட்டு. முன்பக்கம் அசோகத் தூண், பின்பக்கம் டிராக்டர் என்பது பழையது. முன்பக்கம் காந்தி, பின்பக்கம் டிராக்டர் என்பது 2001-க்குப் பிறகு வந்தது. இரண்டுமே கோடிக்கணக்கில் அச்சாகி, இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைப்பவை. கைமாறிக் கசங்கிய நோட்டு என்றால் வியாபாரி ஐந்து ரூபாயை ஒட்டித்தான் பேசுவார், பல சமயம் வாங்கவே மாட்டார். கசங்காத புது நோட்டுக்குச் சில பத்து ரூபாய் தேறும். சட்டப்படி அது இன்னமும் செல்லுபடியாகும் பணம் என்பதால் முகமதிப்புக்குக் கீழே போகாது, அவ்வளவுதான்.

அந்த வீடியோக்காரர்களுக்கு லட்சம் எங்கிருந்து வருகிறது என்றால், உங்களிடமிருந்துதான். முதலில் படம் கேட்பார்கள். பார்த்துவிட்டு, "உங்கள் நோட்டு தேர்வாகிவிட்டது" என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட போலிக் கடிதமும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். இதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாகவே எச்சரித்தது: பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தங்களுக்குத் தொடர்பில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வாங்கிக்கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் ஆளுக்கும் அதிகாரம் தரவில்லை என்று. பொருளை வாங்குகிறவன் உங்களுக்குப் பணம் தர வேண்டுமே தவிர, உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த எண்ணை அங்கேயே தடை செய்துவிடுங்கள். படம் அனுப்பும்போது வரிசை எண்ணின் ஓரிரு இலக்கங்களை விரலால் மறைத்து எடுப்பது நல்லது. உங்கள் நோட்டின் படத்தைக் காட்டியே அடுத்தவரை ஏமாற்றுவதும் நடக்கிறது.

ஒரு நோட்டுக்கு விலை எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் மீதியை நீங்களே பிரித்துவிடலாம். வயது ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல முடியாது; ஆனால் எத்தனை மிச்சம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, தேடுகிறவர் உண்டா என்ற மூன்றும் வயதைவிடப் பெரியவை. எண்பது வருஷத்து நோட்டு சல்லிக்காசு பெறாமல் போவதும், நாற்பது வருஷத்து நோட்டு நல்ல விலை போவதும் இதனால்தான்.

பார்க்க வேண்டிய முதல் இடம் கையெழுத்து. ஒரு ரூபாய் நோட்டை அரசு வெளியிடுவதால் அதில் நிதித்துறைச் செயலர் கையெழுத்திடுவார். இரண்டு ரூபாயிலிருந்து மேலே ரிசர்வ் வங்கி ஆளுநர். ஆளுநர் பதவியில் கொஞ்ச நாளே இருந்தவரின் நோட்டுகள் குறைவாக அச்சாகும், அதனால் தேடப்படும். அமிதாவ் கோஷ் 1985 ஜனவரி, பிப்ரவரியில் மூன்று வாரம் போலத்தான் ஆளுநராக இருந்தார். அவர் கையெழுத்துள்ள பத்து ரூபாய் நோட்டைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். என்.சி. சென்குப்தா 1975-இல் சில மாதங்கள் இருந்தார்; அவர் கையெழுத்து ஆயிரம் ரூபாயில் மட்டும்தான் உண்டு. மறுபக்கம், மன்மோகன் சிங் கையெழுத்திட்ட நோட்டு என்று கூவி விற்பார்கள். அவர் நிதிச் செயலராகவும் ஆளுநராகவும் இருந்தவர், இரண்டு வகையிலும் நோட்டுகள் ஏராளம். பிரதமரானதால் மதிப்பு ஏறவில்லை. நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணனும் அப்படித்தான். ஒரு ரூபாயிலும் ரிசர்வ் வங்கி நோட்டுகளிலும் அவர் கையெழுத்து உண்டு. நம் பக்கத்துக்காரர் என்று ஆசையாக வைத்துக்கொள்ளலாம், விலை சாதாரணம்தான்.

அடுத்து ஆண்டு. ஒரு ரூபாய் நோட்டில் ஆண்டு அச்சாகியிருக்கும். ரிசர்வ் வங்கி நோட்டுகளில் 2005-இலிருந்துதான் பின்பக்க அடியில் ஆண்டு வருகிறது. அதற்கு முந்தியவற்றைக் கையெழுத்தை வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டும். பிறகு எண் பலகை. எண்ணுக்குப் பின்னால் அல்லது பக்கத்தில் ஏ, பி, சி என்று சின்னதாக ஓர் எழுத்து மங்கலாகத் தெரியும். இதை இன்செட் லெட்டர் என்பார்கள். ஒரே ஆண்டு, ஒரே கையெழுத்து, ஆனால் ஒரு இன்செட் எங்கும் கிடைக்கும், இன்னொன்று அபூர்வம் என்று இருக்கும். ஒரு ரூபாய்க் கட்டில் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஆண்டு, கையெழுத்து, இன்செட், முதல் எண், கடைசி எண். நூறும் வரிசை விடாமல் இருந்தால் கட்டைப் பிரிக்காதீர்கள். முழுக்கட்டாக வாங்குகிறவர்கள் தனி.

படத்தில் சின்ன வேறுபாடுகளும் விலையை மாற்றும். ஐம்பது ரூபாய் நோட்டின் பின்பக்கம் பாராளுமன்றக் கட்டடத்தின் மேல் கொடிக்கம்பம் மட்டும் இருந்து கொடி இல்லை என்றால், அது 1975-இல் வந்த முதல் வகை. கொடி உள்ளதைவிட இதற்கு விலை அதிகம். ஐம்பதுகளின் தொடக்கத்து நோட்டுகளில் இந்தியில் 'ருபயா' என்றிருந்தது 1953 வாக்கில் பன்மையாக 'ருபயே' ஆனது. பழைய வடிவம் தேடப்படுவது. நட்சத்திரக் குறி எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இருந்தால் அது ஸ்டார் நோட்டு. அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாகக் கட்டில் வைக்கப்படுவது, 2006-இலிருந்து வருகிறது. எல்லா ஸ்டாரும் அபூர்வமல்ல. எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளில், அதாவது முன்னெழுத்துகளில், சில மட்டுமே.

786 எண் பற்றி நம் பகுதியில் எல்லோரும் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு முன்னெழுத்து வரிசையில் பத்து லட்சம் நோட்டுகள். அதில் 786-இல் முடிபவை ஆயிரம். எத்தனையோ முன்னெழுத்துகள் உண்டு. ஆகவே 786-இல் முடியும் பத்து ரூபாய்க்கு ஆசையாகக் கேட்பவர் சில பத்து ரூபாய் கூடுதலாகத் தருவார், அது லட்சமாகாது. 000786 என்றால் முன்னெழுத்துக்கு ஒன்றே; அது வேறு கதை. 111111, 123456, 000001, ஏழு இலக்கமாக வரும் 1000000 ஆகியவையும் அப்படியே. பிறந்த தேதி எண்ணில் வரும் நோட்டைப் பரிசுக்காகச் சட்டமிட்டு விற்பதும் ஒரு சிறு வியாபாரமாக நடக்கிறது.

இப்போது சிவப்புப் பத்து. 1959 வரை நம் ரூபாய் நோட்டுதான் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய்ப் பக்கமெல்லாம் புழங்கியது. அந்த ரூபாயைக் கொடுத்துத் தங்கம் வாங்கி இந்தியாவுக்குக் கடத்துவது பெருகி, அந்நியச் செலாவணி கரைந்தது. அதைத் தடுக்க 1959-இல் வளைகுடாவுக்கு மட்டும் தனி நோட்டு அச்சிட்டார்கள்: ஒன்று, பத்து சிவப்பு, ஐந்து ஆரஞ்சு, நூறு பச்சை. எண் 'இசட்' எழுத்தில் தொடங்கும். ரிசர்வ் வங்கி நோட்டுகளில் எச்.வி.ஆர். அய்யங்கார் கையெழுத்து. இந்தியாவுக்குள் இது செல்லாது. குவைத் 1961-இலும் பஹ்ரைன் 1965-இலும் சொந்தப் பணம் கொண்டுவந்தன. 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டதும் கத்தாரும் துபாயும் விலகின, ஓமன் 1970 வரை வைத்திருந்தது. போகும் இடமெல்லாம் பழைய நோட்டைக் கொடுத்துப் புதுப்பணம் வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் மிச்சம் இருப்பது சொற்பம். மறந்துபோய்ப் பெட்டிக்கடியில் தங்கியவைதான் இன்று சந்தைக்கு வருகின்றன, அப்படிப்பட்ட பெட்டிகள் பாலக்காட்டிலும் மலப்புறத்திலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் இருப்பதில் வியப்பில்லை.

ஹஜ் பயணிகளுக்கென்று பத்து, நூறு ரூபாயில் இன்னொரு தனி வகையும் அப்போது வந்தது. எண் 'எச்ஏ' என்று தொடங்கும், 'ஹஜ்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். பத்து நீலம், நூறு சிவப்பு. 2024-இல் லண்டன் ஏலத்தில் ஒரு நூறு ரூபாய் ஹஜ் நோட்டு சுமார் 56 லட்சம் ரூபாய்க்கு விலை போனது. அந்த விலையை உங்கள் பத்து ரூபாயின்மேல் ஏற்றிப் பார்க்காதீர்கள். வளைகுடாப் பத்து நல்ல நிலையில் இருந்தால் பத்தாயிரங்களில் பேசப்படும் பொருள், கிழிசலும் கறையும் இருந்தால் வெகுவாக இறங்கும்.

உங்களுடையது அசல்தானா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நிறம் சிவப்பு, எண் 'இசட்' என்ற இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். சாதாரணப் பத்தை ரசாயனத்தில் நிறம் மாற்றியிருந்தால் எண் வேறு எழுத்தில் இருக்கும், அல்லது எண்ணின் மையும் சேர்ந்து மங்கியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காகிதத்துக்குள் நீர்க்குறி தெரிய வேண்டும். மேலே வெள்ளை மையில் அச்சிட்டு ஏமாற்றியிருந்தால் சாய்த்துப் பார்க்கும்போது பளபளக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பார்த்தால் அசல் அச்சு முழுக்கோடுகளாகத் தெரியும், கலர் பிரிண்டர் நகல் புள்ளிபுள்ளியாகச் சிதறும். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் பழைய நோட்டுக் காகிதம் மந்தமாக இருக்க வேண்டும். நீலமாக ஒளிர்ந்தால் அது கடையில் விற்கும் வெள்ளைக் காகிதம், அல்லது சோப்புத்தூளில் அலசப்பட்ட நோட்டு.

வாழைமர நோட்டு மனத்தைத் தளரவைக்கும். இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் அச்சிட்ட பணம் அது, எண் 'எம்' எழுத்தில் தொடங்கும். 1945-இல் ஒரே நாளில் காகிதமாகிவிட்டது. மூட்டைமூட்டையாக அச்சிட்டதால் இன்றும் மலிவு. தொடக்கத்தில் வந்த சிலவற்றில் எழுத்துகளோடு வரிசை எண்ணும் இருக்கும், அவை மட்டும் பரவாயில்லை. பர்மாவிலிருந்து நடந்துவந்த குடும்பங்களின் பெட்டியில் 'பி' எழுத்துடன் ஜப்பானிய ரூபாய் கிடைக்கும், அதுவும் இதே கதிதான். ஆனால் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ரிசர்வ் வங்கி நோட்டின்மேல் 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்று ஆங்கிலத்தில் மேலச்சு இருந்தால் நிறுத்திப் பாருங்கள், அது சேகரிப்பாளர் தேடுவது.

பெட்டியின் அடியில் இன்னும் பழையது ஏதாவது இருக்கிறதா என்றும் துழாவிப் பாருங்கள். 1917 நவம்பரில் வந்த முதல் ஒரு ரூபாய் நோட்டு, அதையடுத்து வந்த இரண்டு ரூபாய் எட்டணா (இரண்டரை ரூபாய்) நோட்டு ஆகிய இரண்டிலும் ஐந்தாம் ஜார்ஜ் இருப்பார். அந்த இரண்டரை ரூபாய் நோட்டு நல்ல நிலையில் ஏலத்தில் லட்சங்களைத் தொடும். 1938-இல் வந்த ரிசர்வ் வங்கியின் முதல் வரிசையில் ஜேம்ஸ் டெய்லர் கையெழுத்து. 1954-க்குப் பின் வந்த ஆயிரம் ரூபாயில் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும். 1978 ஜனவரியில் செல்லாததாக்கப்பட்டு வங்கிக்கே திரும்பியதால் வெளியில் மிச்சமானது குறைவு, தமிழ்ச் சேகரிப்பாளர்களுக்கு அதன்மேல் தனி மோகம். நூறு ஆண்டு தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் தடை குறுக்கே வரலாம் என்பதால், 1917 நோட்டை இணையத்தில் வெளிநாட்டவருக்கு விற்று அஞ்சலில் போடும் யோசனை வேண்டாம்.

நிலை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் கையிலிருக்கும் பணத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு நடுமடிப்பு விழுந்தாலே அது 'யூ.என்.சி' எனப்படும் புது நிலை அல்ல. சாதாரண நோட்டுகளில் அந்த மடிப்பால் விலை பாதியைவிடக் கீழே போகும். மடிப்பை எடுக்க இஸ்திரி போடாதீர்கள். அச்சின் மேடு தட்டையாகிவிடும், காகிதம் பளபளக்கும், தெரிந்தவர் விரலால் தடவியே கண்டுபிடிப்பார். தண்ணீரில் அலசுவது, அழிப்பான் போடுவது, கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவது எல்லாமே கூடாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாக ஊறும், அதை எடுக்கவே முடியாது. லேமினேட் செய்த நோட்டை வாங்கவே மாட்டார்கள்.

பழைய கட்டுகளில் குண்டூசி, ஸ்டேப்பிள் ஓட்டைகள் சகஜம். நோட்டுக் கட்டுகளுக்கு ஸ்டேப்பிள் அடிப்பதை வங்கிகள் நிறுத்தும்படி ரிசர்வ் வங்கி சொன்னதே 2001-இல்தான். ஆகவே அதற்கு முந்திய புது நோட்டில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், விலை கொஞ்சம் குறையும், தள்ளிவிட மாட்டார்கள். துருப்பிடித்த கம்பியை இழுத்துப் பிடுங்காதீர்கள். பின்பக்கம் மடங்கிய இரண்டு கால்களையும் மழுங்கிய மெல்லிய கத்தியால் நிமிர்த்தி, நோட்டுக்கும் கத்திக்கும் இடையே கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து, முன்பக்கமிருந்து மெதுவாகத் தூக்குங்கள். ஒட்டிக்கொண்ட நோட்டுகளை உரிக்க வேண்டாம். நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் இரண்டு நாள் விட்டால் பெரும்பாலும் தானாக நெகிழும்.

கர்க்கடக (ஆடி) மழை பாலக்காட்டில் இறங்கினால் சுவரே வியர்க்கும், காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழ அது போதும். ராமபாணப் பூச்சிக்கும் அந்த ஈரம்தான் பிடிக்கும். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும், மோந்தால் பிளாஸ்டிக் நெடியடிக்கும் மெத்தென்ற பிவிசி ஆல்பம் வேண்டாம். அது கசியும் எண்ணெய்ப் பசை நோட்டில் ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், நாணயக் கடைகளில் கிடைக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். அந்துருண்டையை உறைக்கு நேராகப் போடக் கூடாது.

ஐந்நூறுகளைப் பொறுத்தவரை விஷயம் விலையல்ல, சட்டம். 2016 நவம்பர் 8-இல் செல்லாததாக்கிய 500, 1000 நோட்டுகளை, 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்காகவோ சேகரிப்புக்காகவோ என்றால் இருபத்தைந்து வரை. மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. உங்களிடம் பத்துக்குள் இருந்தால் நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம். மாற்றித் தருகிறேன் என்று வருகிற புரோக்கர் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். இரண்டாயிரம் ரூபாய் இந்தக் கணக்கில் வராது. 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து எடுத்தார்களே தவிர அது செல்லாததாகவில்லை.

விற்பது என்று வரும்போது எல்லை தாண்டிக் கோவைக்குப் போவதுதான் உங்களுக்குக் கிட்டம். அங்கே நாணயக் கண்காட்சி நடக்கும்போது ஒரே கூடத்தில் பல வியாபாரிகள் இருப்பார்கள். வீட்டிலேயே பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள்: முகமதிப்பு, ஆண்டு, கையெழுத்து, எண், குறை. மூன்று பேரிடமாவது தனித்தனியாகக் கேளுங்கள், முன்னவர் சொன்ன விலையைச் சொல்லாதீர்கள். "எல்லாத்தையும் சேர்த்து மொத்தமா ஒரு விலை" என்று யாராவது சொன்னால் அவர் கண் சிவப்புப் பத்தின் மேல் இருக்கிறது என்று அர்த்தம். வியாபாரி விற்கும் விலையில் பாதியை ஒட்டி உங்களுக்குத் தருவது நியாயமே, கடை நடத்துகிறவர் அவர். அபூர்வ நோட்டுக்கு மட்டும் ஏலம் பொருத்தம். பெங்களூரிலும் மும்பையிலும் நடத்துகிறார்கள். கமிஷன் எத்தனை சதவீதம், ஆரம்ப விலை என்ன, விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். விலை பெரிது என்றால் பிஎம்ஜி போன்ற தரச்சான்று நிறுவனத்தின் உறையில் 70-க்கு இத்தனை என்ற மதிப்பெண்ணோடு வருவது வாங்குகிறவருக்குத் தைரியம் தரும். ஐம்பது ரூபாய் பெறும் நோட்டை அங்கே அனுப்பினால் கட்டணமே நோட்டை விழுங்கிவிடும். அசல் நோட்டை முன்பின் தெரியாதவருக்குக் கூரியரில் அனுப்பவே கூடாது. முதல் பேச்சுக்கு இருபக்கப் படம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த படம் ஒன்று போதும்.

யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய கிழிந்த சாதாரண நோட்டுகளை வங்கிக் கிளையிலேயே மாற்றிக்கொள்ளலாம். இருபது ரூபாய் வரை பாதிக்கு மேல் நோட்டு இருந்தால் முழுப்பணம், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் துண்டுக்கு முழுப்பணம், 40-இலிருந்து 80 வரை பாதி.